ஐசியூ இரவுகளில் தூக்கம்: மாத்திரையா, காதடைப்பானா, வேலை நேர மாற்றமா?

கடலூரிலோ புதுச்சேரியிலோ எட்டுப் பத்துப் படுக்கைகளோடு தீவிர சிகிச்சைப் பிரிவு நடத்தும் ஒரு மருத்துவமனை, நோயாளிகள் இரவில் தூங்குவதே இல்லை என்ற குறையைத் தீர்க்க முற்பட்டால், அதன்முன் இருக்கும் வழிகள் நான்குதான்: தூக்கத்துக்கு மருந்து கொடுப்பது, காதுக்கும் கண்ணுக்கும் மறைப்புக் கொடுப்பது, இரவில் நடக்கும் வேலைகளின் நேரத்தை மாற்றியமைப்பது, நோயாளியின் அருகில் வீட்டார் ஒருவரை இருக்கவிடுவது. இவற்றுள் மருந்துதான் எங்கும் முதலில் கையில் எடுக்கப்படுகிறது. அதற்கு ஒரு கையெழுத்துப் போதும் என்பதே காரணம். புதுச்சேரியில் இரவுப் பணி பார்த்த செவிலியர் என்ற முறையில் என் முடிவு வேறு. வேலை நேரத்தை மாற்றுவதுதான் முதலில் செய்ய வேண்டியது. மற்ற மூன்றும் அதற்குத் துணையாக வந்தால்தான் பலன் தரும்.

ஐசியூவில் இருப்பவர் தூங்கவே இல்லை என்பது முழு உண்மையன்று. தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிவுசெய்த ஆய்வுகளைப் பார்த்தால், 24 மணி நேரத்தில் 7 முதல் 9 மணி நேரம்வரை தூங்கியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அதில் ஏறக்குறையப் பாதி பகலில் போய்விடுகிறது. மீதியும் சில சில நிமிடங்களாகச் சிதறிக் கிடக்கிறது. மேலோட்டமான உறக்கத்தைத் தாண்டி, ஆழ்ந்த உறக்கத்துக்கும் அதன்பின் கனவு வரும் உறக்கத்துக்கும் போய்த் திரும்ப ஏறத்தாழ 90 நிமிடம் வேண்டும். அந்த 90 நிமிடம் இங்கே கிடைப்பதில்லை என்பதால், ஆழ்ந்த உறக்கமும் கனவு உறக்கமும் பெரும்பாலும் இல்லாமலே போகின்றன. கண்ணை மூடிக் கிடப்பவரைப் பார்த்து, "ராத்திரி நல்லா தூங்கினார் டாக்டர்" என்று காலை ரவுண்ட்ஸில் நாங்கள் சொல்வதற்கும், கேட்டால் நோயாளியே சொல்வதற்கும் நிறைய வேறுபாடு இருக்கும். செவிலியர்கள் நோயாளியின் தூக்கத்தைக் கூடுதலாகவே மதிப்பிடுகிறார்கள் என்பது ஆய்வுகளிலும் தெரியவந்த ஒன்று. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், பேசக்கூடிய நிலையில் இருப்பவரிடம் அவர் எப்படித் தூங்கினார் என்று காலையில் கேட்டுக் குறித்துவைப்பது அவசியம். அதற்கென்றே ரிச்சர்ட்ஸ்–கேம்பெல் வினாத்தாள் இருக்கிறது. ஐந்தே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண். தமிழில் கேட்டு எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தூக்கம் கெடுவதற்கெல்லாம் சத்தமும் செவிலியரின் கைகளுமே காரணம் என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். வெண்டிலேட்டரில் இருந்த 7 பேரை வைத்துக் கனடாவில் நடந்து 2003-இல் வெளிவந்த ஆய்வில், விழிப்புகளில் 30 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றுக்கே சத்தமும் பராமரிப்பு வேலைகளும் காரணமாக இருந்தன. மீதி, நோயிலிருந்தும் வலியிலிருந்தும் மூச்சுத் திணறலிலிருந்தும் மருந்துகளிலிருந்தும் வருவது. விலா எலும்பு முறிந்து கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து தூக்கி வரப்பட்டவருக்கு வலி மருந்து போதாமல் இருந்தால், காதடைப்பானும் உதவாது, தூக்க மாத்திரையும் உதவாது. ஆய்வு சிறியது என்றாலும் அது சொல்வது சரி. வலி, மூச்சு, அடைத்துக்கொண்ட சிறுநீர்க்குழாய், ஏசிக் குளிர் ஆகிய நான்கையும் முதலில் பார்த்துவிட வேண்டும். குளிர் என்பது சிறிய காரியமாகத் தோன்றும். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பில் ஆயுள் முழுவதும் வேலை பார்த்து, மின்விசிறிகூட இல்லாத திண்ணையில் தூங்கிப் பழகிய ஒருவரை 22 டிகிரியில் ஒற்றை விரிப்போடு படுக்கவைத்தால், அவர் கால்களைச் சுருட்டிக்கொண்டு விடிய விடிய விழித்திருப்பார். ஆனால் குளிருகிறது என்று யாரிடமும் சொல்லமாட்டார். இன்னொரு கம்பளி கொடுத்துக் காலுறை போட்டுவிட்டதும் கண்ணயர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி மருந்து. தூக்கத்துக்கென்று பொதுவாக எழுதப்படும் லோரசெபாம், மிடாசொலாம் ஆகிய பென்சோடயசெபைன் வகை மருந்துகள் நோயாளியை அடக்கிப் படுக்கவைக்கும். ஆனால் மூளை அலைப் பதிவில் அது நல்ல உறக்கமாகத் தெரிவதில்லை. ஆழ்ந்த உறக்கத்தையும் கனவு உறக்கத்தையும் அவை குறைத்துவிடுகின்றன. அதைவிடக் கவலைக்குரியது, டெலிரியம் எனப்படும் சித்தக் குழப்பம். டிரிப் ஊசியைப் பிடுங்குவது, இல்லாதவரோடு பேசுவது, மகனையே அடையாளம் தெரியாமல் போவது எல்லாம் இதில் அடங்கும். சத்தம் போடாமல் வெறித்துப் பார்த்தபடி கிடப்பதும் இதே குழப்பத்தின் இன்னொரு வடிவந்தான். அதுவே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. லோரசெபாம் கொடுக்கப்பட்டவர்களுக்கு மறுநாள் இந்தக் குழப்பம் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2006-லேயே எழுதப்பட்டது. புரொபோஃபால் என்ற மயக்க மருந்தைச் செலுத்தித் தூங்கவைக்கலாமா என்றால், தூக்கத்துக்காக மட்டும் அதைக் கொடுக்க வேண்டாம் என்றே அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. மனநோய்க்குத் தரப்படும் ஆலோபெரிடாலைக் கொடுத்தால் குழப்பம் சீக்கிரம் தெளியும் என்ற நம்பிக்கையும் 2018-இல் 566 பேரிடம் நடந்த சோதனையில் மெய்ப்படவில்லை.

இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. நம் வட்டாரத்தில் அது அரிதான ஒன்றல்ல. நாள்தோறும் மது அருந்திவந்தவர், விபத்தாலோ கணைய அழற்சியாலோ திடீரென்று ஐசியூவில் சேர்க்கப்பட்டால், கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கடுமையான குழப்பமும்கூட வரலாம். அவருக்கு லோரசெபாமோ டயசெபாமோ தூக்க மருந்தல்ல, உயிர் காக்கும் சிகிச்சை. தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் அதோடு சேரும். அவரைப் போய்க் காதடைப்பானைக் கொடுத்துப் படுக்கவைப்பது ஆபத்து. "எப்போதாவது கொஞ்சம் குடிப்பார்" என்று வீட்டார் கூச்சத்தோடு சொல்லி மறைப்பதால் முதல் இரண்டு நாள் வீணாகிறது. அண்ணன் தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார், அப்பா பல ஆண்டுகளாகத் தூக்க மாத்திரை போடுகிறவரா என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பழகிய தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினாலும் இதே போன்ற தொல்லை வரும். பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிறவர்களின் நிலையும் தனிதான். அவர்களுக்கு விஷமுறிவாக ஏற்றப்படும் அட்ரோபினே அளவு மிஞ்சினால் பிதற்றலையும் துள்ளலையும் உண்டாக்கும். அங்கே செய்ய வேண்டியது அட்ரோபின் அளவைச் சரிபார்ப்பது. தூக்க மருந்தைக் கூட்டுவதல்ல.

நரம்பு வழியாகச் செலுத்தப்படும் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து, மற்றவற்றைவிட இயல்பான உறக்கத்துக்கு நெருக்கமானது. 2018-இல் 100 பேரிடம் நடந்த சோதனையில், இரவில் குறைந்த அளவில் அதைப் பெற்றவர்களில் 80 விழுக்காட்டினர் குழப்பம் வராமல் தப்பினர். பெறாதவர்களில் அது 54 விழுக்காடு. ஆனால் தூக்கம் எப்படி இருந்தது என்று கேட்டபோது இரு தரப்பினரும் ஒரே மாதிரிதான் மதிப்பிட்டார்கள். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அது இறக்கிவிடும் என்பதால் பம்ப் வைத்துச் செலுத்த வேண்டும், ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எல்லாப் படுக்கைக்கும் அது ஆகாது. வெண்டிலேட்டரில் இருந்துகொண்டு அமைதியிழந்து தவிக்கும் சிலருக்கு மட்டும் பொருந்தும்.

இரவில் உடலே சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலடோனினை மாத்திரையாகக் கொடுப்பது பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. விலை குறைவு, தீங்கும் பெரிதாக இல்லை, மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. 2018 வழிகாட்டுதல் அதைப் பற்றி எந்தப் பரிந்துரையும் செய்யாமல் விட்டது. 2025-இல் வந்த திருத்தம், கொடுப்பதே மேல் என்று மென்மையாகப் பரிந்துரைத்தது. அதே வேளையில் ஆஸ்திரேலியாவில் 850 பேரிடம் இரவுதோறும் 4 மி.கி. கொடுத்து நடத்திய சோதனை 2022-இல் வெளிவந்தபோது, குழப்பமும் குறையவில்லை, தூக்கமும் கூடவில்லை. கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அதை இரவு 9 மணிக்குக் கொடுத்துவிட்டு 10 மணிக்குத் தலைக்குமேல் குழல்விளக்கைப் போட்டுப் படுக்கையைச் சுத்தம் செய்வது, கொடுத்த மருந்துக்கு எதிராக நாமே வேலை செய்வதாகும். இரவில் படும் வெளிச்சமே உடலின் சொந்த மெலடோனினைச் சுரக்கவிடாமல் அடக்குகிறது.

காதடைப்பானுக்கும் கண்மறைப்புக்கும் சான்று ஓரளவு நன்றாகவே இருக்கிறது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் 136 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான சோதனையில், இரவில் காதடைப்பான் வைத்துத் தூங்கியவர்களுக்குக் குழப்பம் வரும் வாய்ப்பு 53 விழுக்காடு குறைந்தது; அந்தப் பலன் முதல் 48 மணி நேரத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது. சேர்ந்த முதல் இரவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். செலவோ நூறு இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் நம் நோயாளிகளிடம் இதைக் கொண்டுபோகும் முறை முக்கியம். நெஞ்சுவலியோடு வந்திருந்த ஒரு பெரியம்மாவிடம் கண்மறைப்பை நீட்டியபோது, "கண்ணைக் கட்டப் போறியாம்மா?" என்று அவர் கேட்ட குரலில் சாவுபயம் இருந்தது. அதை அவர் கையிலேயே கொடுத்து, வேண்டியபோது தானே போட்டு எடுக்கலாம் என்று காட்டிவிட்டு, பக்கத்துப் படுக்கை விளக்கை அணைத்த பிறகுதான் அவர் அதை நெற்றியில் வைத்துப் பார்த்தார். அன்றிரவு ஒரு காதில் மட்டும் அடைப்பான் போதும் என்றார். அதுவும் போதுமானதுதான். ஏற்கெனவே குழப்பத்தில் இருப்பவருக்கும், கையைத் தூக்க வலுவில்லாதவருக்கும், காதில் சீழ் வடிகிறவருக்கும் இவற்றைப் போடக்கூடாது. பகலில் மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டால், குழப்பத்துக்கு நாமே வழி திறந்துவிட்டவர்கள் ஆவோம்.

இப்போது இரவு வேலை. உடல்நிலை ஓரளவு நிலைப்பட்டுவிட்ட ஒருவருக்கு ஓர் இரவில் என்னென்ன நடக்கிறது என்று படுக்கையருகே நின்று பார்த்தால் விளங்கும். 9 மணிக்கு மருந்து. அதன்பின் பதினைந்து நிமிடத்துக்கொருமுறை இரத்த அழுத்தப் பட்டை தானாகவே புடைத்து மேற்கையை இறுக்குகிறது. முதல் நாள் இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி (ஷாக்) நிலையில் இருந்தபோது வைத்த அளவை யாரும் மாற்றவில்லை. 10 மணிக்குச் சர்க்கரை பார்க்க விரலில் குத்து. 12-க்குப் புரட்டிப் படுக்கவைப்பது. 1 மணிக்குச் சிறுநீர் அளவு பார்க்கக் கால்மாட்டில் டார்ச் வெளிச்சம். 2-க்கு நெபுலைசர். 4 மணிக்கு, காலை ஷிப்ட் வருமுன் எல்லாரும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக, உடம்பு துடைத்துத் துணி மாற்றுவது. 5 மணிக்கு, 9 மணி ரவுண்ட்ஸுக்கு முடிவு தயாராக வேண்டும் என்று இரத்தம் எடுப்பது. அதன்பின் எக்ஸ்ரே எந்திரத்தை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். இவை அனைத்தும் தேவையான வேலைகளே. ஆனால் இந்த நேரத்தில் செய்தாக வேண்டியவை இவற்றில் மிகச் சில. 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 147 இரவுகளின் பதிவுகளைப் பார்த்தது. ஒரு நோயாளியிடம் ஓர் இரவில் சராசரியாக 42.6 முறை ஏதேனும் ஒரு பராமரிப்பு வேலை நடந்திருந்தது. இரண்டு மூன்று மணி நேரம் தொந்தரவில்லாமல் கிடைத்த இரவுகள் 6 விழுக்காடுதான்.

மாற்றம் என்று நான் சொல்வது பெரிய ஏற்பாடன்று. உடம்பு துடைப்பதை இரவு 8 மணிக்கோ காலை 6 மணிக்குப் பிறகோ தள்ளிவிடலாம். இரவு 11 முதல் 1 வரையும், 1.30 முதல் 3.30 வரையும் தொடாத நேரமாக வைத்துக்கொண்டு, இடையில் வரும் அரை மணி நேரத்தில் புரட்டுதல், சிறுநீர் அளவு, சர்க்கரை, நெபுலைசர் எல்லாவற்றையும் ஒரே நடையில் முடித்துவிடலாம். முதுகுப்புண் வராமல் புரட்டும் வேலைக்கும் இந்த இடைவெளி ஏறக்குறையப் பொருந்திவிடும். இரத்த அழுத்தம் குறைந்து மருந்து ஓடிக்கொண்டிருப்பவருக்கும், இன்சுலின் டிரிப்பில் இருப்பவருக்கும், சளி அடைக்கிறவருக்கும் இது பொருந்தாது. அவர்களை வழக்கம்போல் மணிக்கு மணி பார்த்தே தீரவேண்டும். யாருக்குப் பொருந்தும் என்பதை மாலை ரவுண்ட்ஸில் மருத்துவர் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுத்து இல்லாமல் இரவு சிஸ்டர் தன் பொறுப்பில் ஒரு பதிவைத் தவறவிட்டால், காலையில் கேள்வி கேட்கப்படுவது அவர்தான். இந்த ஒரு காரணத்தால்தான் நல்ல எண்ணத்தோடு தொடங்கிய இடங்களில்கூட ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது.

சத்தத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் தந்த அளவுப்படி, மருத்துவமனை அறையில் இரவில் சராசரி ஒலி 30 டெசிபலையும் உச்ச ஒலி 40 டெசிபலையும் தாண்டக்கூடாது. ஐசியூக்களில் அளந்தால் 50, 60 என்று வருகிறது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. மானிட்டர் அலாரங்களில் 72 முதல் 99 விழுக்காடுவரை பொய்யானவை என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. காய்ச்சலில் வியர்த்து நெஞ்சில் ஒட்டிய இசிஜி வில்லை நெகிழ்ந்தாலே ஒன்று கத்தும். வில்லைகளைத் தினமும் மாற்றுவது, அலாரத்தின் மேல் கீழ் எல்லைகளை ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக வைப்பது, ஒவ்வோர் இதயத்துடிப்புக்கும் எழும் ஒலியை இரவில் அணைத்துவிடுவது ஆகியவை செலவில்லாதவை. ஆபத்தைச் சொல்லும் அலாரத்தை எந்த நிலையிலும் அணைக்கக்கூடாது. எங்கள் பேச்சும் குறைய வேண்டும். வெளிச்சத்துக்கென்று விலை உயர்ந்த விளக்கு அமைப்புகள் வாங்க வேண்டியதில்லை. நேரத்துக்கேற்ப மாறும் விளக்குகளைப் பொருத்தி நெதர்லாந்தில் 734 பேரிடம் பார்த்ததில் குழப்பம் குறையவில்லை. பகலில் திரையை விலக்கி, இரவில் விளக்கை அணைத்தால் போதும்.

நேர மாற்றம், காதடைப்பான், மருந்துக் கட்டுப்பாடு மூன்றையும் படிப்படியாகச் சேர்த்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 300 பேரிடம் செய்து பார்த்தார்கள். 2013-இல் வந்த முடிவில், சத்தம் குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள், குழப்பம் தெளிவாகக் குறைந்தது. ஆனால் தூக்கம் நன்றாக இருந்தது என்று அவர்கள் கொடுத்த மதிப்பெண் குறிப்பிடும்படி உயரவில்லை. இதை மறைத்துவிட்டு நேர மாற்றத்தைப் புகழ எனக்கு விருப்பமில்லை. ஆயினும் குழப்பம் குறைவது ஒன்றே அந்த உழைப்புக்குப் போதுமான கூலி என்பது என் எண்ணம்.

வீட்டார் அருகில் இருப்பதைப் பொறுத்தவரை, பிரேசிலில் 1,685 பேரிடம் 2019-இல் முடிந்த சோதனை, ஒரு நாளில் 12 மணி நேரம்வரை உறவினரை அனுமதித்தது. நோயாளியின் குழப்பம் குறையவில்லை. உறவினரின் பதற்றமும் மனச்சோர்வும் நன்றாகவே குறைந்தன. விழுப்புரம், விருத்தாசலம் என்று தொலைவிலிருந்து வந்து வராந்தாவில் பாய் விரித்துக் காத்துக்கிடக்கும் குடும்பங்களுக்கு அதுவே பெரிய காரியம். மாலை 6 முதல் 9 வரை ஒருவரை உட்காரவிட்டு, இரவு 10 மணிக்குமேல் வேண்டாம் என்று வைத்துக்கொள்வது நல்லது. செல்போனில் பக்திப் பாட்டைத் தலையணைக்கடியில் ஓடவிட்டுப் போகும் வழக்கத்தை அன்போடு தடுக்க வேண்டும்; தூக்கத்துக்காக இரவில் இசை வேண்டாம் என்பதே 2018 வழிகாட்டுதலின் கருத்து. பாட்டை மாலையில் கேட்கட்டும்.

ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் இப்போது ஆளும் மனமும் இருக்கிறது என்று ஒரு மருத்துவமனை கேட்டால், 4 மணிக்கு உடம்பு துடைப்பதை நிறுத்துங்கள் என்பேன். இரண்டு செய்ய முடியுமென்றால், சேரும் முதல் இரவிலேயே காதடைப்பானும் கண்மறைப்பும். அதன்பிறகு மெலடோனின். பென்சோடயசெபைன்கள் மது நிறுத்தத்துக்கும் வலிப்புக்கும் மட்டும். ஒரு சிஸ்டர் மூன்று நான்கு படுக்கைகளைப் பார்க்கும் இரவுகளில் இந்த வரிசை முழுவதும் நடக்காது என்பது எனக்குத் தெரியும். அங்கே தூக்க மாத்திரை ஆள் பற்றாக்குறைக்கு ஈடாகவே எழுதப்படுகிறது, அது மருத்துவக் காரணம் ஆகாது. படுக்கைக்கேற்ற ஆட்களைக் கேட்டு வாங்குவதும் தூக்கத்துக்கான சிகிச்சைதான்.

வீட்டார் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. ஐசியூவில் இரவுக்கென்று தொடங்கிய லோரசெபாமும், குவெட்டியாபின் என்ற மனநோய் மருந்தும், நிறுத்த யாரும் எழுதாததால், வார்டுக்கும் பின் டிஸ்சார்ஜ் சீட்டுக்கும் அப்படியே வந்துவிடுகின்றன. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அந்தச் சீட்டை மருத்துவரிடம் காட்டி, இவற்றில் தூக்கத்துக்காகக் கொடுத்தது எது, அதை எத்தனை நாளில், எந்த அளவாகக் குறைத்து நிறுத்த வேண்டும் என்று கேட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.